பால் நின்னு போச்சு

என் அக்காவுக்குக் 'கடிகாரம்' என்று பெயர் வைத்தவர் விடுதிப் பள்ளியின் காவலாளி. காலை ஐந்து நாற்பதுக்கு அவளுடைய பால் வேன் பள்ளியின் பின்வாசலில் நிற்கும். மழையோ, வேலைநிறுத்தமோ, அவள் கல்யாணத்துக்கு மறுநாளோ அந்த நேரத்தை நகர்த்தியதில்லை. ஒரே ஒருமுறை ஐந்து ஐம்பதுக்கு வந்தாள். காவலாளி தன் கைக்கடிகாரத்தைக் கழற்றிக் காதில் வைத்துப் பார்த்துவிட்டு, "என்னோடது ஓடுதும்மா. உங்களோடதுக்குத்தான் என்னமோ ஆயிடுச்சு" என்றாராம்.

அப்பா வைத்திருந்தது நான்கு மாடு. ஈரத் தரையில் வழுக்கி அவருக்கு இடுப்பு முறிந்தபோது அக்காவுக்குப் பத்தொன்பது வயது, எனக்குப் பதினான்கு. வீட்டில் ஒருவர் படிக்கலாம், ஒருவர் கறக்கலாம் என்ற நிலை. யாரும் உட்கார்ந்து பேசி முடிவெடுக்கவில்லை. மறுநாள் விடியற்காலையில் அவள் வாளியை எடுத்துக்கொண்டு போனாள், நான் புத்தகப் பையை எடுத்துக்கொண்டு போனேன். அவ்வளவுதான். நான் வீட்டு மொழியிலும் அலுவலக மொழியிலும் படித்து, பதினேழு வயதில் ஊரை விட்டும் பிறகு நாட்டை விட்டும் போனேன். நான்கு மாடு பதினேழு ஆயிற்று.

அதைப் பற்றி அவள் என்னைக் குறை சொன்னதில்லை. கேலி மட்டும் உண்டு. "நீ ரெண்டு மொழி படிச்ச, நான் பதினேழு மடி படிச்சேன். எது கஷ்டம்னு நீயே சொல்லு."

மடி படிப்பது என்று அவள் சொன்னது விளையாட்டுப் பேச்சல்ல. கறவை இயந்திரம் இரண்டு வாங்கிய பிறகும் கடைசிப் பாலைக் கையால்தான் எடுப்பாள். எவர்சில்வர் வாளியில் பால் விழும் சத்தத்தை வைத்தே எந்த மாடு இன்று அரை வயிறு, எதற்கு நாளைக்குக் காய்ச்சல் வரும் என்று சொல்லிவிடுவாள். கொட்டகைச் சுவரில் ஒரு கரும்பலகை. அதில் ஒவ்வொரு மாட்டுக்கும் ஒரு வரி: ஈன்ற தேதி, சினை ஊசி போட்ட தேதி, கறவை நிறுத்த வேண்டிய தேதி. அவள் கையெழுத்து கோழி கிளறியது போல இருக்கும். ஆனால் அந்தப் பலகையில் ஒரு தேதி தப்பாக இருந்து நான் பார்த்ததில்லை.

தொற்று வந்து ஊர் அடைபட்டபோது, விடுதிப் பள்ளி ஒரே பிற்பகலில் காலியானது. வார்டன் அம்மாள் போன் செய்து, நாளை முதல் பால் வேண்டாம் என்றார். மறுநாள் பேக்கரி, அதற்கடுத்த நாள் இரண்டு உணவகங்கள். அக்கா வேனை வாசலில் நிறுத்திச் சாவியை ஆணியில் மாட்டிவிட்டுச் சொன்னாளாம்: "பள்ளிக்கூடத்தைப் பூட்டிட்டாங்க. மடியைப் பூட்ட முடியுமா?"

முடியாது. மாட்டுக்கு ஊரடங்கு தெரியாது. காலையும் மாலையும் கறந்தே தீர வேண்டும். முதல் மூன்று நாள் தெருவுக்கே கொடுத்தாள். சுற்றுச்சுவர் மேல் கேனை வைத்துவிட்டுத் தள்ளி நிற்பாள், ஆட்கள் முகக்கவசத்தோடு ஒவ்வொருவராக வந்து ஊற்றிக்கொண்டு போவார்கள். நான்காம் நாள் எதிர்வீட்டுத் தையற்காரர், "அம்மா, வீட்டுல இனி பாத்திரம் இல்ல. துணியத்தான் பால்ல துவைக்கணும்" என்று கும்பிட்டுவிட்டார். அன்று மாலையிலிருந்து மிச்சம் சாணக்குழிக்குப் போனது. வேனில் கேன்களை ஏற்றி இறக்குவது மாமா, அக்காவின் கணவர். கேனைக் கவிழ்க்கும் வேலையும் அவர் தலையில் விழுந்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் கவிழ்ப்பாராம். "இந்த வருஷம் இந்த ஊர்லயே புஷ்டியான குழி நம்மளோடதுதான்" என்று சொல்லிச் சிரிக்கப் பார்ப்பாராம்.

இதெல்லாம் எனக்குப் பிற்பாடுதான் தெரியும். வெளிநாட்டில் இருப்பவனிடம் பாதியைத்தான் சொல்வார்கள். மீதியைச் சொன்னால் அவன் அங்கே உட்கார்ந்துகொண்டு என்ன செய்யப் போகிறான், அழுவான். நானோ அந்த நாட்களில் மூன்று செய்தித்தாள்களை மாற்றி மாற்றிப் படித்து, ஊரில் எத்தனை பேருக்குத் தொற்று என்று அவர்களுக்கு முன்னால் நானே தெரிந்துகொண்டு, "வெளிய போகாத, கைய கழுவு" என்று தொல்லை கொடுத்துக்கொண்டிருந்தேன். "ஒரு நாளைக்கு முப்பது தடவை கழுவறவகிட்ட சொல்றான் பாரு" என்பாள்.

மூன்றாவது வாரத்தில் அரசாங்கம் பண்ணைகளுக்கு நிவாரணம் அறிவித்தது. விண்ணப்பம் இணையத்தில், அதுவும் அலுவலக மொழியில். அக்காவுக்கு அந்த மொழி எழுத்துக்கூட்டிப் படிக்க வரும், எழுத வராது. கொட்டகையின் மதியக் கழுவலுக்கு முன்னால் போன் செய்தாள்.

"டேய், நீ உக்காந்த இடத்துல இருந்தே நிரப்பலாமாம். பக்கத்துப் பண்ணைக்காரர் பையன் அப்படித்தான் பண்ணினானாம்."

"பண்ணிடலாம்க்கா. என்ன பாதிப்புன்னு ஒரு வரியில கேக்கறாங்க."

"பால் நின்னு போச்சுன்னு எழுது."

"எத்தனை மாட்டுக்கு?"

"பதினேழுக்கும்தான். இதுல எதை விட்டு எதைச் சொல்ல."

"தீவனம் வருதா?"

"லாரி வந்து பத்து நாளாச்சு. இருக்கறதைப் பிரிச்சுப் போட்டுக்கிட்டு இருக்கேன். வேற என்ன வேணும்? எனக்குக் கொட்டகைத் தரை கழுவாம கிடக்கு."

நான் எழுதினேன். நல்ல, இறுக்கமான ஒரு வாக்கியம். தீவனத் தட்டுப்பாட்டால் பதினேழு பசுக்களுக்கும் பால் சுரப்பு முற்றாக நின்றுவிட்டது என்று அலுவலக மொழியில் அழகாக எழுதினேன். வங்கிக் கணக்கு எண்ணை நான்கு தடவை சரிபார்த்தேன். பட்டா நகலில் ஒரு மூலை மடங்கியிருந்தது என்று மாமாவைத் திரும்பப் படமெடுக்க வைத்தேன். அந்த ஒரு வரியை மட்டும் சரிபார்க்கவில்லை. அது என் சொந்த மொழியிலிருந்து வந்தது, அதில் என்ன தவறு வந்துவிடும்.

ஐந்து வாரம் கழித்து அக்கா ஒரு கடிதத்தைப் படமெடுத்து அனுப்பினாள். விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. தீவனக் குறைவால் பசுக்கள் வற்றுவது பண்ணைத் தொழிலின் இயல்பான இடர். கட்டுப்பாடுகளால் விற்பனை இழந்தவர்களுக்கே இந்தத் திட்டம். என் வாக்கியம் மேற்கோள் குறிக்குள் அப்படியே திரும்பி வந்திருந்தது. ஒரு முறைக்கு இரண்டு முறை படித்தேன். உடனே கூப்பிட்டேன்.

"அக்கா, மாட்டுக்குப் பால் இருக்கா இல்லையா?"

"என்னடா கேள்வி இது. கறந்து கறந்து குழியில ஊத்தறோம், பால் இருக்கான்னு கேக்கற."

"நீதானே பால் நின்னு போச்சுன்னு சொன்ன."

"ஆமா. பள்ளிக்கூடத்துக்குப் போறது நின்னு போச்சு, பேக்கரிக்கு நின்னு போச்சு. பால் நின்னு போச்சுன்னா வேற என்ன?"

அப்பா காலத்தில் நான்கு மாட்டுப் பாலும் தெருவோடு முடிந்துவிடும். வாங்க ஆளில்லாமல் போவது என்ற ஒன்றே கிடையாது. அன்று எங்கள் வீட்டில் பால் நின்னு போச்சு என்றால் மாடு வற்றிவிட்டது என்று மட்டும்தான் பொருள். நான் அந்தப் பொருளோடு விமானம் ஏறிவிட்டேன். அதன் பிறகு இருபத்தைந்து வருடம் அக்கா வியாபாரம் செய்திருக்கிறாள். அவள் வாயில் அதே சொல்லுக்கு வேறு பொருள் வளர்ந்திருக்கிறது. என்னிடம் பழையது அப்படியே இருந்தது.

நடந்ததைச் சொன்னேன். அவள் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "சரி விடு. நானும் பாதியைத்தானே சொன்னேன்" என்றாள். பிறகு, "இப்ப நீ எழுதினதும் நிஜமாயிடும் போல இருக்கு" என்றாள்.

"என்ன சொல்ற?"

"எட்டு மாட்டைப் போன மாசமே நிறுத்திட்டேன். நேத்து இந்தக் கடுதாசி வந்ததும் இன்னும் அஞ்சு."

இனி எந்தச் சொல்லையும் நான் நம்பத் தயாராக இல்லை. "நிறுத்திட்டேன்னா என்னக்கா?"

"கறக்கறதை நிறுத்திட்டேன். அடர்தீவனத்தையும் குறைச்சுட்டேன். ரெண்டு மூணு நாள் மடி கல்லு மாதிரி இருக்கும், கத்தும். அப்புறம் உடம்பே பாலை உள்ள இழுத்துக்கும். காம்பு நுனி மெழுகு வெச்ச மாதிரி அடைச்சுக்கும். அடுத்த ஈத்து வரைக்கும் பால் இல்ல. திங்கறதும் குறையும். வேற வழி என்ன இருக்கு, சொல்லு. தெருவுக்கு நாலு மாடு கறந்தா போதும்."

நான் தவறாக எழுதியது உண்மையாகிக்கொண்டிருந்தது. அதுவும் ஒவ்வொரு மாடாக. அன்றே மேல்முறையீடு அனுப்பினேன். முதல் வாக்கியம் என் பிழை, பால் சுரந்தது, வாங்குவோர்தான் இல்லை, நேரில் வந்து பாருங்கள் என்று எழுதினேன். எழுதியதை மாமாவிடம் வரிக்கு வரி பேச்சுமொழியில் திருப்பிச் சொல்லி, அப்படித்தானா என்று கேட்டுவிட்டு அனுப்பினேன். "நீதிமன்றத்துல சாட்சி சொல்ற மாதிரி இருக்கேப்பா" என்றார் மாமா.

நான்காம் நாள் காலை பத்து மணிக்குக் கால்நடை ஆய்வாளர் வந்தார். அக்கம்பக்கத்துப் பண்ணைகளில் அவருக்கு ஊசிக்காரர் என்று பெயர். சினை ஊசியிலிருந்து காய்ச்சல் ஊசி வரை அவர் கைதான். மாமா போனைத் தூண் இடுக்கில் செருகி வைத்திருந்தார். கொட்டகையின் பாதியும் அக்காவின் முதுகும் எனக்குத் தெரிந்தன.

"பதினேழும் வத்திப் போச்சுன்னு காகிதத்துல இருக்கு. நாலு கறக்குது. அஞ்சுக்கு மடி வீங்கி நிக்குது. எட்டு நெஜமாவே வத்தியிருக்கு" என்றார் ஊசிக்காரர். "எதைம்மா நான் எழுதறது?"

"பார்க்கறதை எழுதுங்க."

"தகவல் தப்பா கொடுத்ததுக்குக் காரணம்னு ஒரு கட்டம் இருக்கு. யார் தப்புன்னு போடட்டும்?"

அவள் தூணை நோக்கித் திரும்பக்கூட இல்லை. "யாரும் பொய் சொல்லலைங்க. நான் சொன்னதும் அந்த வார்த்தைதான், அவன் கேட்டதும் அதே வார்த்தைதான்."

அவர் கொஞ்சம் யோசித்து ஏதோ எழுதினார். பிறகு தன் பையிலிருந்து ஒரு தடித்த பதிவேட்டை எடுத்தார். அதில் இந்த மாடுகளுக்கு அவரே ஊசி போட்ட தேதிகள் இருந்தன. சுவரில் இருந்த பலகையோடு ஒப்பிட்டார். "ஈனறதுக்கு ரெண்டு மாசம் இருக்கும்போது வத்தினா அது இயல்பு. இதுல எதுக்கும் அந்தக் காலம் வரல. நீங்கதான் நிறுத்தியிருக்கீங்க, விக்க முடியாம. இது போதும், நிராகரிப்பு எடுபடாது."

மாமா பெருமூச்சு விட்டார். ஊசிக்காரர் கையைத் தூக்கினார். "இருங்க. விதியில இன்னொண்ணு இருக்கு. ஆய்வு நாளன்னிக்குக் கறவையில இருக்கற மாட்டுக்குத்தான் நிவாரணம். இன்னிக்கு நாலுதான் கறவை."

கொட்டகையில் ஒரு மாடு வாலைச் சுழற்றும் சத்தம் எனக்குக் கேட்டது.

"நாலுக்கு வந்தா பதினேழை எப்படிங்க காப்பாத்தறது?" என்றார் மாமா. "தரகர் ரெண்டு தடவை வந்துட்டுப் போயிட்டான். வத்தின மாடு எங்க போகும்னு உங்களுக்குத் தெரியாதா."

"தெரியும். அதனாலதான் சொல்றேன்." ஊசிக்காரர் குரலைத் தாழ்த்தினார். அங்கே அவர்கள் மூவரையும் என்னையும் தவிர ஆளில்லை. "கறவைன்னா எவ்வளவுன்னு விதியில போடல. ஒவ்வொண்ணுலயும் ஒரு சொட்டு கறந்து காட்டுங்க. வந்துதுன்னா கறவைன்னு எழுதிடறேன். அதுக்கு மேல நான் எதுவும் கேக்க மாட்டேன்."

அக்கா கையைக் கழுவினாள். முழங்கை வரை சோப்புப் போட்டு நிதானமாகக் கழுவினாள். முதலில் அந்த ஐந்து. அவற்றை நிறுத்தி ஐந்து நாள்தான் ஆகியிருந்தது, மடி இன்னும் பாலை மறக்கவில்லை. விரல் பட்டதும் அவை காலை அகட்டிக்கொண்டு நின்றன. கனத்த பால் வாளியில் விழுந்தது. ஒன்று பெருமூச்சு விட்டது எனக்கே கேட்டது. ஊசிக்காரர் ஐந்து கோடு போட்டார்.

பிறகு வற்றிய எட்டும் நின்ற வரிசைக்குப் போனாள். முதலில் நின்றது 'பெரியவ'. பதினேழில் மூத்தது. அக்கா அதன் பக்கத்தில் குந்தினாள். மடி வெறும் பையாகத் தொங்கியது. காம்பைக் கையில் எடுத்து, நுனியைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தாள். அப்படியே இருந்தாள். அவள் முதுகைத் தவிர எனக்கு எதுவும் தெரியவில்லை.

"ஊசிக்காரரே, இதைத் திறந்தா மறுபடி மூடுமா?"

"மூடும். சிலதுக்கு மூடாம சீழ் வைக்கும். மடிநோய் வந்தா அந்தக் காம்பு போயிடும். சில சமயம் மாடே போயிடும்."

"எட்டுல எத்தனைக்கு வரும்?"

"ரெண்டு. மிஞ்சினா மூணு."

"ஒரு சொட்டு தானே" என்றார் மாமா. "எட்டு மாட்டுக்கு எட்டு சொட்டு. ரெண்டு போனா ஆறு மிஞ்சும். இல்லன்னா எட்டும் போகும். கணக்குப் போடத் தெரியாதா உனக்கு?"

அக்கா ஊசிக்காரரைப் பார்த்துச் சொன்னாள்: "எந்த மூணுன்னு சொல்லிடுங்க. மத்த அஞ்சைத் திறக்கறேன்."

அவர் பேனா மூடியைக் கழற்றினார், மாட்டினார்.

போனுக்குள்ளிருந்து கத்த வேண்டும் போல இருந்தது எனக்கு. திற என்றா, திறக்காதே என்றா, அது இன்றைக்கும் தெரியவில்லை. அக்கா பெரியவளின் முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

"நான் அடைச்சது இது. மூடிக்கோன்னு நான்தான் பட்டினி போட்டு மூட வெச்சேன். காகிதத்துக்காகத் திறக்க மாட்டேன். ஒன்பதுன்னு எழுதுங்க."

ஒன்பது என்று எழுதினார். போகும்போது, "நீங்க நாலோட நிக்காம இருந்தீங்களே, அதுவே நல்லது" என்று ஏதோ சொல்லிவிட்டுப் போனார். மாமா அன்று முழுவதும் பேசவில்லை. மறுநாள், "மாட்டு மடி மேல இருக்கற அக்கறை கட்டினவன் மேல இல்ல" என்றாராம். "கட்டினவனுக்கு வாய் இருக்கு. வேணுங்கறதைக் கேட்டு வாங்கிக்குவான்" என்றாளாம் அக்கா. அதன் பிறகு வீட்டில் பழையபடி பேச்சு வந்தது.

ஒன்பது மாட்டுக்கான பணம் மூன்றாம் வாரம் வந்தது. அதை வைத்துப் பதினான்கு மாட்டைப் பள்ளி திறக்கும்வரை இழுத்துப் பிடிக்கலாம் என்று அக்கா கணக்குச் சொன்னாள். எனக்கும் அப்போது அரைச் சம்பளம்தான். இருந்தாலும் மீதி மூன்றுக்கு நான் அனுப்புகிறேன் என்றேன்.

"எத்தனை மாசத்துக்கு அனுப்புவ? பள்ளிக்கூடம் எப்ப திறக்கும்னு உன் பேப்பர்ல போட்டிருக்கானா?"

"போடல."

"அப்புறம் என்ன. நீயும் சாப்பிடணும்."

எந்த மூன்று என்பதைப் பலகை சொல்லிவிட்டது. எட்டில் மூன்றுக்குச் சினை நிற்கவில்லை. ஊசிக்காரர் இரண்டாம் தடவை வந்து கைவைத்துப் பார்த்துச் சொன்னார். சினையும் இல்லை, பாலும் இல்லை. இன்னும் ஒரு வருடத்துக்கு அவற்றால் ஒரு சொட்டும் வராது. அதில் பெரியவளும் ஒன்று.

"இந்த மூணைத் திறந்திருக்கலாம் அன்னிக்கு" என்றார் மாமா. குரலில் குத்தல் இல்லை.

"அன்னிக்கு எந்த மூணுன்னு யாருக்குத் தெரியும்" என்றாள் அக்கா.

தரகரின் லாரி ஒரு மத்தியானம் வந்தது. இதை மாமாதான் எனக்குச் சொன்னார். எதையும் கதையாக்கிச் சிரிக்க வைப்பவர், இதை மட்டும் சரக்கு இறக்கிய விவரம் போலச் சொன்னார். முதல் இரண்டும் கயிற்றுக்கு ஏறிவிட்டன. பெரியவள் லாரியின் ஏறுபலகையில் முன்காலை வைத்தது, எடுத்தது. தரகரின் ஆள் வாலை முறுக்கப் போனான். அக்கா, "கைய எடு" என்றாள். கயிற்றை அவனிடமிருந்து வாங்கி அதன் கழுத்தின் மேல் போட்டாள். தானே முதலில் பலகையில் ஏறி லாரிக்குள் போய், முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். தினமும் கொட்டகைக்குள் போகும்போது நிற்பது போல. பெரியவள் பின்னாலேயே ஏறிப் போய் அவள் தோள் பக்கத்தில் நின்றுகொண்டது.

அக்கா இறங்குவதற்கு வழியில்லை. பலகையை மாடு மறைத்துக்கொண்டு நின்றது. அவள் பக்கவாட்டுக் கம்பியைப் பிடித்து ஏறி, சக்கரத்தின் மேல் கால் வைத்து, தெருப் பக்கமாகக் குதித்தாள். மாமா கை கொடுக்கப் போனார், வேண்டாம் என்றாள். லாரி திரும்பும்வரை நிற்கவில்லை. மதியக் கழுவல் பாக்கி என்று சொல்லி உள்ளே போய்விட்டாள்.

அன்று மாலை நான் கூப்பிட்டேன். பின்னால் வாளியில் பால் விழும் சத்தம் கேட்டது.

"அக்கா."

"சொல்லு."

"எத்தனை இருக்கு இப்ப?"

"பதினாலு இருக்கு," என்றாள். "கறக்கறது ஒன்பது. சினையா இருக்கறது அஞ்சு. எழுதிக்கறதுன்னா எழுதிக்கோ."